காவல் பரண்: மரத்திலா, கால் நட்டா, இரும்பிலா?

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் பீன்ஸும் சௌசௌவும் மலைவாழையும் போட்டிருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கேட்கிற கேள்வி இது. இரவில் ஏறி உட்கார்ந்து காட்டு விலங்கிடமிருந்து பயிரைக் காக்கும் பரண், போன வருடம் கட்டியது, ஆடுகிறது; புதிதாகக் கட்டியாக வேண்டும். வரப்போரம் பெரிய மரம் ஒன்று நிற்கிறது, அதிலேயே கட்டிவிடலாமா? நாலு கால் நடுவதா? இல்லை, பட்டறையில் சொல்லி இரும்பு ஆங்கிளில் செய்துவிடுவதா?

பதில் சொல்லுமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பரண் கட்டுவது எப்படி என்று தேடினால் வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வேட்டைக்காரர்களுடையவை. இங்கே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். காட்டுப்பன்றி தோட்டத்தையே உழுதுவிட்டுப் போனாலும் விவசாயி தானே சுடவோ, சுருக்குக் கம்பி வைக்கவோ, அவுட்டுக்காய் (இரைக்குள் வைக்கும் வெடி) போடவோ, வேலியில் கரண்ட் விடவோ கூடாது. எனவே இங்கே பேசுவது காவல் பரணைப் பற்றி மட்டும்.

இரண்டுக்கும் வேலை நேர் எதிர். வேட்டைப் பரண் ஒளிய வேண்டும். இலைக்குள் மறைய வேண்டும், வாடை கீழே போகக் கூடாது, சத்தம் எழக் கூடாது. காவல் பரண் தெரிய வேண்டும், மணக்க வேண்டும், கேட்க வேண்டும். தினைப்புனம் காத்த காலத்தில் இதற்கு இதணம், கழுது என்று பெயர். தட்டை, குளிர் என்ற கருவிகளை அடித்து ஓசை எழுப்பத்தான் மேலே ஏறினார்கள். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் இடமும் உயரமும் தானாக முடிவாகும். வெயில் தாழ்ந்ததும் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று மேலிருந்து கீழே இறங்கும். ஆகவே பரணைத் தோட்டத்தின் மேல்கரையில் வையுங்கள். ஆள் வாடையும் புகையும் இரவு முழுக்கப் பயிர் மேல் படிந்து இறங்கும். சரிவே பாதி உயரத்தைக் கொடுத்துவிடுவதால் 20 அடிக்கு ஏறவும் வேண்டாம்.

## முடிவு எடுக்குமுன் பார்க்க வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முதலில் யானை. உங்கள் தோட்டத்து வழியாக யானை போகுமா, வருமா என்பது மற்ற எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும். அதைத் தனியாகப் பார்ப்போம்.

அடுத்தது நிலம். பட்டா நிலம் என்றால் பத்து வருடத்துக்கு யோசிக்கலாம். இரண்டு வருடக் குத்தகை என்றால் பிரித்து எடுத்துப் போகக்கூடியது வேண்டும். மூன்றாவது சுமை: ஜீப் எதுவரை வரும், அதற்கு மேல் தலைச்சுமையா, குதிரையா? நான்காவது, ஏறப்போவது யார்? இருபத்தைந்து வயதுப் பையன் ஏறுகிற ஏணியில் அறுபது வயது அப்பா தூக்கக் கலக்கத்தில் விடியற்காலை நாலு மணிக்கு இறங்க முடியாது. கடைசியாக எத்தனை மழைக்காலம் நிற்க வேண்டும் என்பது.

கட்டையின் விலையை மட்டும் வைத்து முடிவு எடுப்பவர்கள்தான் மூன்றாம் வருடம் திரும்பக் கட்டுகிறார்கள். பரண் விழுவது பெரும்பாலும் கட்டை ஒடிந்து அல்ல, சேர்மானம் விட்டுப்போய். மரத்தில் கட்டினால் மரமும் சட்டமும் சேரும் இடம்; கால் நட்டால் காலும் மண்ணும் சேரும் இடம்; இரும்பென்றால் வெல்டிங். கீழே ஒவ்வொன்றையும் அந்தச் சேர்மானத்தை வைத்தே எடைபோடுகிறோம். அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: தளம் 6 அடிக்கு 5 அடி, தரையிலிருந்து 10 அடி, இரண்டு பேர் உட்கார.

## உயிர் மரத்தில் கட்டினால்

பார்வைக்கு மலிவு இதுதான். காலும் அஸ்திவாரமும் மிச்சம். ஆனால் மரம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் பரண், அது உங்கள் கையில் இல்லை. தோட்டத்தின் கீழ்மூலையில் மரம் இருந்தால் பாதிப் பயிர் கண்ணுக்குத் தெரியாது, காற்றும் எதிர்ப்பக்கம். இந்த ஒரு காரணத்துக்காகவே பல மரப்பரண்களை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மரம் சரியான இடத்தில் நின்றாலும் எந்த மரம் என்பது முக்கியம். நாவலும் மாவும் பலமானவை. காபித் தோட்டத்தில் நேராக உயர்ந்து ஆசை காட்டுவது சில்வர் ஓக். ஆனால் அதன் கிளை முறியும் குணம் கொண்டது, காற்றில் மேல்பாதி ஒடிந்து விழும். மிளகு ஏற்றிய கல்யாண முருங்கை மெத்தென்ற கட்டை, போல்ட் பிடிக்காது. வாட்டில் மரத்துக்கு வேர் மேலாக ஓடும், ஈர மண்ணில் அடியோடு சாயும். தைல மரம் காற்றே இல்லாமல் கிளை உதிர்க்கும். பலா எல்லா வகையிலும் நல்ல மரம்தான். ஆனால் பழுக்கிற காலத்தில் யானையையும் கரடியையும் கூப்பிடுகிற மரமும் அதுதான். 10 அடி உயரத்தில் சுற்றளவு 4 அடிக்குக் குறைந்த மரத்தை விட்டுவிடுங்கள். அடியில் காளான் முளைத்தது, தட்டினால் கடகடவென்று ஒலிக்கிறது, ஒருபக்கம் மட்டும் தழைத்தது, இவையும் வேண்டாம்.

சேர்மானத்துக்கு வருவோம். வழக்கமாக நடப்பது மூன்று: ஆணி அடிப்பது, கட்டுக் கம்பி சுற்றுவது, கயிறு கட்டுவது. மூன்றிலும் கோளாறு உண்டு. மரம் பருக்கும்போது பலகையை வெளியே தள்ளும், ஆணி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உருவிக்கொண்டு வரும். கண்ணுக்குப் பலகை மரத்தோடு ஒட்டியிருப்பதுபோலவே இருக்கும். தேங்காய் நார்க் கயிறு ஒரு மழைக்காலத்துக்கு மேல் நம்பத் தக்கதல்ல. நைலான் வெயிலில் வெளுத்து, தொட்டால் மாவாக உதிரும்.

கம்பி சுற்றிய மரத்தை மூன்றாம் வருடம் கிட்டே போய்ப் பாருங்கள். கம்பி தெரியாது. பட்டை இரண்டு உதடுபோல மேலும் கீழும் வீங்கி அதை விழுங்கியிருக்கும். கம்பிக்கு மேலே தண்டு புடைத்திருக்கும், கீழே ஒடுங்கியிருக்கும். இலையில் ஆன உணவு பட்டை வழியாக வேருக்கு இறங்க முடியாமல் அங்கேயே தங்கியதன் அடையாளம் அது. அந்த மரம் வேர் பட்டினியில் செத்துக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் நீங்கள் செத்துக்கொண்டிருக்கும் மரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மரத்துக்கும் மனிதனுக்கும் நல்லது, பத்து ஆணிக்குப் பதில் ஒரு தடிமனான போல்ட். பல சிறிய காயம் அருகருகே இருந்தால் மரம் அவற்றை ஒரே பெரிய காயமாக எடுத்துக்கொண்டு உள்ளே அழுகும். சுத்தமான ஒற்றைத் துளையை மூடிவிடும். 20 மி.மீ. ஜி.ஐ. திரெட் ராடு (துத்தநாகம் பூசி, நீளம் முழுக்க மரை போட்ட கம்பி) எடுத்து, தண்டின் நடுவே ஊடுருவத் துளையிட்டுச் செருகி, இருபுறமும் 3 அங்குலச் சதுர வாஷர் போடுங்கள். மரத்தின் குறுக்களவை விட ராடு 8 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். சட்டத்தைப் பட்டையோடு ஒட்ட இறுக்காமல் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். வருடம் ஒருமுறை நட்டைக் கொஞ்சம் தளர்த்தி விட்டால் மரம் பருக்க இடம் கிடைக்கும். மரம் வளர வளரப் பரண் மேலே போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். மரம் நுனியில்தான் உயரும். 10 அடியில் அடித்த போல்ட் 10 அடியிலேயே இருக்கும்.

இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினாலும், ஒருபக்கம் மரம் மறுபக்கம் இரண்டு கால் என்று கட்டினாலும், இரண்டு பக்கத்தையும் இறுக்கிவிடக் கூடாது. காற்றில் இரண்டும் ஒன்றுபோல ஆடாது. ஒரு பக்கம் போல்ட்; மறுபக்கம் சட்டம் ஒரு தாங்கியின் மேல் நகர இடம் விட்டு உட்கார வேண்டும். கழன்று விழாமலிருக்க மேலே தளர்வாக ஒரு இரும்பு வளையம் போதும். இரண்டு முனையையும் இறுக்கிய பரணில் பெருங்காற்றுக்கு மறுநாள் சட்டம் போல்ட் துளையிலிருந்து நீளவாக்கில் பிளந்திருக்கும்.

மறைந்த செலவு: வருடா வருடம் மேலே ஏறிச் செய்யும் பராமரிப்பு. இன்னொன்று, இடிமின்னல் இருக்கும் சித்திரை, ஐப்பசி மாதங்களில் பல இரவு பரண் காலியாகக் கிடக்கும். காட்டோர எல்லை மரமா, உங்கள் மரமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டு மரத்தில் ஒரு போல்ட் போட்டாலும் வழக்குதான்.

## நாலு கால் நட்டுக் கட்டினால்

கீழ்ப்பழனி மலையில் பட்டா நிலம் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். இடம் உங்கள் விருப்பம், ஏணி உங்கள் விருப்பம், பழுதானதை மட்டும் மாற்றலாம். ஆனால் காலை நேரடியாக மண்ணில் நடாமல் இருந்தால் மட்டுமே இந்தச் சிபாரிசு.

கால் எங்கே மக்குகிறது? குழியின் அடியில் அல்ல. அங்கே ஈரம் உண்டு, காற்று இல்லை. மேலே காற்று உண்டு, ஈரம் நிற்காது. தரைமட்டத்துக்கு மேலும் கீழும் நாலு விரல் அளவில்தான் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. கறையானும் அங்கேதான் ஏறுகிறது. ஒரு பேனாக்கத்தியை அந்த இடத்தில் குத்திப் பாருங்கள். நல்ல கட்டை முனையைத் திருப்பி அனுப்பும். ஒரு விரல்கணு அளவுக்குக் கத்தி மெத்தென்று இறங்கினால் அந்தக் கால் போய்விட்டது, மேலே எவ்வளவு வைரம் பாய்ந்து தெரிந்தாலும் சரி. சவுக்குக் கழி மண்ணில் இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கும், மூங்கில் அதற்கும் குறைவு. அடியைத் தீயில் கருக்கித் தார் பூசினால் கொஞ்சம் தள்ளிப்போகும், நிற்காது. தேக்குக் கழி என்று வாங்கினாலும் இளங்கழியில் வைரம் குறைவு. வெளியிலுள்ள வெள்ளைக்கட்டையைக் கறையான் தின்றுவிடும். காலைச் சுற்றிக் கான்கிரீட் போடுவது இன்னும் மோசம். கட்டை காய்ந்து சுருங்கியதும் விழுகிற இடுக்கில் தண்ணீர் தேங்கி, கிண்ணத்தில் ஊறவைத்ததுபோல ஆகிவிடும்.

வழி கல்கால். 6 அங்குலச் சதுரம், நாலரை அடி நீளம், நாலு கல். கல் பட்டறையிலேயே மேல்முனையிலிருந்து 4 அங்குலத்தில் ஒன்று, 12 அங்குலத்தில் ஒன்று என 18 மி.மீ. துளை இரண்டு போட்டு வாங்குங்கள். ஒரு கல் ஏறக்குறைய 85 கிலோ. இரண்டு பேர் கம்பு கோத்துத் தூக்கலாம். 3 அடி ஆழத்துக்கு இறக்கி, அரை அடிக்கு ஒரு தரம் உடைகல்லும் மண்ணும் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து நிரப்புங்கள். வெளியே ஒன்றரை அடி நிற்கும். மரக்காலை அதன் பக்கவாட்டில் வைத்து இரண்டு 16 மி.மீ. போல்ட் போடுங்கள். காலின் அடி தரையிலிருந்து 3 அங்குலம் மேலே தொங்கட்டும்.

மற்ற அளவுகள்: கால் நாலு, அடியில் 5 அங்குலக் குறுக்களவு, 14 அடி நீளம். தளத்துக்கு மேலே 4 அடி நீண்டு அதுவே கைப்பிடிக் கம்பமாக நிற்கும். தனியாகக் கைப்பிடி அடித்தால் சாய்ந்தவுடன் அதுதான் முதலில் பெயரும். மேலே 6க்கு 5 என்றால் கீழே ஏழரைக்கு ஆறரை என்று காலை அகட்டி வையுங்கள். நாலு பக்கமும் பெருக்கல் குறிபோலக் குறுக்குச் சட்டம் போட 3 அங்குலக் கழி, 10 அடி நீளத்தில் எட்டு வேண்டும். கழிகள் வெட்டிக்கொள்ளும் இடத்திலும் ஒரு போல்ட். வேலை தெரியாதவர்கள் விடுவது இதைத்தான். நாலு கால் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் நாற்காலி மடங்குவதுபோல ஒருபக்கமாக மடங்கிவிடும். காட்டுமாடு ஒன்று முதுகைத் தேய்த்துக்கொள்ள வந்து சாய்ந்தால் போதும்.

உத்திரம் காலின் இருபுறமும் 6க்கு 2 அங்குலப் பலகை; அதற்கு அடியில் ஒரு முட்டுக்கட்டை, பாரம் போல்ட்டின் மேல் மட்டும் நிற்காமலிருக்க. அதன்மேல் 4க்கு 2 சட்டம் 18 அங்குலத்துக்கு ஒன்று. தளப்பலகை ஓர் அங்குலம், நடுவே சுண்டுவிரல் நுழையாத இடுக்கு விட்டு. இடுக்கு இல்லாத தளத்தில் மழைத்தண்ணீர் நின்று பாசி பிடிக்கும். கூரைக்கு மூங்கில் போடலாம். முற்றிய மூங்கிலாக வெட்டி, சில வாரம் ஓடையில் ஊறப்போட்டு, வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் ஆசிடும் கலந்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் உளுக்காது. இந்த மருந்து மழையில் கரைந்து போகும் என்பதால் நனையும் இடத்துக்கு உதவாது. கூரை உட்காரும் உயரத்துக்கு மேல் வேண்டாம். உயர்ந்த கூரையைக் காற்று பாயாக்கிப் பரணையே இழுக்கும்.

மறைந்த செலவு கட்டையில்தான். சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டிக் கால் செய்துகொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி வேண்டும். கீழே சமவெளியில் ரசீதோடு வாங்கி ஏற்றிவருவதே நிம்மதி.

## இரும்பில் செய்தால்

குத்தகைக்காரர்களுக்கு இதுதான் சரி. கறையான் கிடையாது, போல்ட் கழற்றி அடுத்த தோட்டத்துக்கு எடுத்துப் போகலாம்.

50க்கு 50, 6 மி.மீ. ஆங்கிள் மீட்டருக்கு நாலரை கிலோ. நாலு மீட்டர்க் கால் ஒன்று 18 கிலோ, ஒருவர் தோளில் போகும். குறுக்குச் சட்டத்துக்கு 40க்கு 40, 5 மி.மீ. போதும். தளச்சட்டமும் ஏணியும் சேர்த்து மொத்தம் 200 கிலோவுக்குப் பக்கம் வரும். தளம் மட்டும் மரப்பலகையாகவே இருக்கட்டும். பனி இறங்கிய இரும்புத் தகட்டில் காலும் நிற்காது, உடம்பும் தாங்காது.

சேர்மானத்தை முழுக்க வெல்டிங்கில் விடாதீர்கள். ஆட்டம் தாங்க வேண்டிய இடத்தில் வெல்டிங்கின் ஓரத்தில் முடிபோல விரிசல் தொடங்கும். பெயிண்ட் அதை மறைத்துவிடும். போல்ட் போட்டால் தளர்வது கைக்கே தெரியும். பைப்பில் செய்வதானால் முனைகளைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். திறந்த பைப்புக்குள் தண்ணீர் இறங்கி உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே கால் ஓட்டையாகியிருக்கும்.

மறைந்த செலவு அஸ்திவாரம். ஒன்றரை அடிச் சதுரம், இரண்டரை அடி ஆழம் என்று நாலு குழிக்குக் கான்கிரீட் போட்டால் சிமெண்ட் நாலு மூட்டைதான். ஆனால் மணலும் ஜல்லியும் தண்ணீரும் சேர்த்து ஒன்றரை டன் ஆகும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து அரை மைல் ஏற்றமென்றால் கூலி இரும்பு விலையை நெருங்கிவிடும். குத்தகை நிலத்தில் அந்தக் கான்கிரீட் நிலக்காரருக்கே போய்ச்சேரும். அதற்குப் பதில் காலடியில் தகடு வைத்து, 3 அடி முளைக்கம்பி அடித்து, நாலு மூலைக்கும் இழுப்புக் கம்பி கட்டலாம். இழுப்புக் கம்பியில் வெள்ளைத் துணி கட்டுங்கள், இருட்டில் மனிதர் கால் தடுக்கும்.

## யானை வரும் இடத்தில்

கே.சி.பட்டி, பாச்சலூர் பக்கமுள்ளவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆண் யானை நின்ற நிலையிலேயே தும்பிக்கையை 15 அடிக்கு மேல் எட்டவிடும். நாலு கால் வைத்து எதில் கட்டினாலும் யானை தள்ளினால் பரண் நிற்காது, இரும்பானாலும் சரி. கனத்த மரத்தில் 20 அடிக்கு மேல் கட்டுவது ஒன்றே கட்டுமான வழி. அந்த உயரத்தில் விழும் ஆபத்து யானை ஆபத்துக்குச் சமம். யானைத் தடத்தில் பரண் கட்டாதீர்கள் என்பதே எங்கள் பதில். பயிருக்கு இழப்பீடு கேட்கலாம், உயிருக்கு ஈடு இல்லை. காவல் இருந்தே ஆக வேண்டுமென்றால் ஊரை ஒட்டிய கல் கட்டிடத்தில் இருந்துகொண்டு, யானை நடமாட்டத்தை வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| | மரத்தில் | கல்கால் மேல் மரம் | இரும்பு |
|---|---|---|---|
| இடத் தேர்வு | மரம் நிற்கும் இடம்தான் | நம் விருப்பம் | நம் விருப்பம் |
| முதலில் பழுதாவது | போல்ட் துளை, பட்டை | போல்ட், தளப்பலகை | வெல்டிங், பைப்பின் உள்பக்கம் |
| சுமை | குறைவு | கல் மட்டும் 340 கிலோ | இரும்பு 200 கிலோ. கான்கிரீட் போட்டால் ஒன்றரை டன் கூடுதல் |
| பிரித்தெடுக்க | முடியாது | பாதி முடியும் | முடியும் |
| வயதானவர் ஏற | கடினம் | எளிது | எளிது, ஈரத்தில் வழுக்கும் |
| யாருக்கு | மேல்கரையில் நல்ல மரம் உள்ளவர் | பட்டா நிலக்காரர் | குத்தகைக்காரர் |

## ஏறி இறங்கும் இடம்

எந்த வகையைத் தேர்ந்தாலும் விழுவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான்: ஏணியை விட்டுத் தளத்துக்குக் கால் மாற்றும்போது. ஏணி தளத்தோடு முடிந்துவிட்டால் கைக்குப் பிடி இல்லாமல் முழங்காலால் ஊர்ந்து ஏற வேண்டியிருக்கும். ஏணியின் இரு கைமரமும் தளத்துக்கு மேல் 3 அடி நீண்டு நிற்கட்டும். படி ஓர் அடிக்கு ஒன்று. 10 அடி உயரத்துக்கு ஏணியின் அடி இரண்டரை அடி தள்ளி நிற்க வேண்டும். ஏணியின் மேல்முனையைத் தளத்தோடு போல்ட் போட்டுவிடுங்கள். உயிர் மரத்தில் கட்டைத்துண்டுகளை ஆணியடித்துப் படியாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு படி உருவினால் கையும் காலும் சேர்ந்து போகும்.

டார்ச், பிளாஸ்க், கம்பளி எதையும் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். ஏறியபின் கயிற்றில் தூக்கிக்கொள்ளலாம். தூங்க வாய்ப்புள்ள காவலுக்கு உடம்பு முழுக்கப் பிடிக்கும் சேஃப்டி பெல்ட் போடுங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டில் தொங்கினால் மூச்சு முட்டும். பெல்ட்டின் கயிறு தலைக்கு மேலே, உட்கார்ந்தால் தொய்வில்லாத நீளத்தில் இருக்க வேண்டும். முழு பெல்ட்டிலும் அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தங்கி மயக்கம் வரும் என்பதால், காலை ஊன்ற ஒரு வாரைச் சுருக்கிட்டுக் கூடவே வைத்திருங்கள். கணப்பு தரையில் இருக்கட்டும், தளத்தில் வேண்டாம். இடி கேட்டால் இறங்கி வீட்டுக்குப் போய்விடுங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள்.

புதுப் பரணில் முதல் இரவு ஆள் ஏறக் கூடாது. 50 கிலோ மண் மூட்டை எட்டைத் தளத்தில் பரப்பி, ஓர் இரவு விட்டு, காலையில் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானரால் இறுக்குங்கள். பச்சைக் கட்டை காய்ந்து சுருங்கும் என்பதால் ஒரு மாதம் கழித்து இன்னொரு சுற்று இறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வருடமும் தை பிறந்ததும் பகல் வெளிச்சத்தில் கத்தி, ஸ்பானர், டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் கீழே நின்று கூரைக்குள் டார்ச் அடித்துக் குளவிக்கூடு பாருங்கள். ஏணியில் பாதி ஏறியபின் குளவி கலைந்தால் இறங்க நேரம் இருக்காது. பிறகு காலடியில் கத்தி, அதன்பின் போல்ட், கடைசியில்தான் தளப்பலகை. பலகையைக் காலால் மிதித்துச் சோதிக்காமல், ஏணியில் நின்றபடியே கையால் அழுத்திப் பாருங்கள்.